ஏழாம் எண் சதுரம்

மன்னவனூர் ஏரிக்கு மேலே
கம்பி கட்டிய பத்துச் சதுரங்கள்.
ஏழாவதைப் பார்த்தால் யாருக்கும் கண் நிறையும்.
வேனை விட்டிறங்கும் மதுரைக்காரர்கள்
அதைத்தான் பின்னால் வைத்துப் படம் பிடிக்கிறார்கள்.
என்ன பச்சை, என்ன பச்சை என்கிறார்கள்.

நான்தான் ஊட்டினேன்.
ஐந்து வருடமாய்
மழைக்கு முன் ஒரு தரம், பின் ஒரு தரம்,
பெனடிக்டா மேடம் கிராம் கணக்கில் நிறுத்துத் தந்த யூரியாவைப்
பூவாளியில் கரைத்து.

முதல் வருடம் எண்ணியபோது
ஒரு மீட்டர் சட்டத்துக்குள் முப்பத்தொரு வகை.
புத்தகத்தில் பேர் அகப்படாததற்கு
நானே வைத்தேன்:
பொத்தான் பூ, பல்லிவால்,
கோவித்துக்கொண்டவள்
(தொட வேண்டாம், வெயில் போனாலே மூடிக்கொள்வாள்).
இன்றைக்குப் பதினொன்று.
அதிலும் மூன்று
மண்டியிட்டு விலக்கினால்தான் உண்டு.

பட்டினியில் செத்தால் புரியும்.
சோறு போட்டுச் சாகடிப்பது எப்படியென்று
வெகுநாள் விளங்கவில்லை எனக்கு.
இந்த மேட்டு மண்
எல்லாரையும் அரைவயிற்றோடு வைத்திருந்தது.
அதனால்தான் எல்லாரும் இருந்தார்கள்.
படியளப்பு கூடியதும்
வாய் பெரிய புல் ஒன்று எழுந்தது,
முழங்கால், தொடை, இடுப்பு,
பிறகு தன் கனம் தாங்காமல் சாய்ந்தது.
சாய்ந்த இடத்தில் வெளிச்சம் முடிந்தது.
விரற்கடை உயரத்தில் இருந்ததெல்லாம்
கீழே வெளுத்துக் கிடந்து
ஒரு வருடம் இருந்தன,
மறு வருடம் இல்லை.

நாமக்கல்லிலிருந்து கோழி எரு லாரி
இரவில் ஏறி வரும்.
பூம்பாறைத் திருப்பத்தில் அது உறுமும்போதே
இங்கே ஒருத்தர் தும்முவார்.
கேரட் காட்டோரம் கொட்டிய குவியலில்
கண்ணைக் கரிக்கும் ஆவி.
அதை மஞ்சு வாங்கிக்கொள்ளும்.
மஞ்சுக்கு வரப்பு தெரியாது,
சர்வே கல் தெரியாது.
விடியுமுன் மேலேறி வந்து
புல்மேல் படுத்து
வாங்கியதை இறக்கிவைத்துப் போகும்.

ஒன்றாம் எண் சதுரத்துக்கு
நாங்கள் கொடுத்தது வெறும் தண்ணீர்.
ஒப்பிட்டுப் பார்க்க.
அதிலும் முப்பத்து மூன்று
இருபத்தாறு ஆகியிருக்கிறது.
தப்பாய் எண்ணினேனோ என்று
மூன்று தரம் எண்ணினேன்.
மேடம் ஒன்றும் சொல்லவில்லை.
மஞ்சுத் தண்ணீர் சேரும் புட்டியைக் கழற்றி
மூடியில் தேதி எழுதினார்.

சிக்னல் கிடைக்கும் ஒரே பாறையில் நிற்கும்போது
அண்ணன் வேலப்பன் கூப்பிட்டான்.
சொசைட்டிக்கு யூரியா வந்திருக்காம்,
உன் ஆதாரையும் எடுத்துட்டு வா,
ரெண்டு மூட்டை கூடக் கிடைக்கும்.
சரி என்றேன்.
அந்த ஒன்றரை ஏக்கர் கேரட்தான்
திண்டுக்கல்லில் எனக்குக் கட்டிய பீஸ்.
இந்தத் தாளில்
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அழுகண்ணி என்று ஒன்று உண்டு.
எட்டணாக் காசளவு, சிவப்பு,
இலை முழுக்கப் பிசுபிசுத்த கண்ணீர்.
மண் தராததைக்
கொசுவில் பிடித்துத் தின்னக் கற்றது.
கேளாமலே வானம் ஊட்டும் இடத்தில்
அந்த வித்தையை யாரிடம் காட்டும்?

இன்று ஏழாவதில் தேடினேன்.
இல்லை.
எழுந்திருக்கும்போது பார்த்தேன்,
சட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் தள்ளி,
போன தடவை என் கம்பூட்ஸ் அழுத்தி
புல் மடங்கிக் கிடந்த பள்ளத்தில்
துண்டு வெளிச்சம்.
அதில் ஒன்று,
வாயில் ஒரு கொசுவோடு.

சட்டத்துக்கு வெளியே இருப்பது கணக்கில் சேராது.
இரண்டு விரல்தான்.
நகர்த்தினால் யாருக்குத் தெரியும்?

நகர்த்தவில்லை.
ஈரத்தில் பேனா எழுதாது, பென்சிலைச் சீவி
அழுகண்ணிக்கு நேரே பூஜ்ஜியம் போட்டேன்.

பிறகு
சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு
அதன் மேல் படாமல், அதன் பக்கத்தில்,
இன்னும் ஒரு மிதி.